கருக்காத ஆயில்

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். டீசலில் ஓடுகிற பிக்கப். முன்னால் இரண்டு பேர் தாராளமாகவும், மூன்றாவது ஆள் முழங்காலை மடக்கிக்கொண்டும் உட்காரலாம். பின்னால் தகரக் கூண்டு கட்டி, கதவு விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, தூசி நுழையாதபடி செய்திருந்தார்கள். ஏற்றுவது ஆஸ்பத்திரித் துணி. அழுக்கு மூட்டைகளைச் சலவைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்; வெளுத்து, மடித்து, உறைபோட்ட துணியை அங்கிருந்து ஏற்றி ஆஸ்பத்திரிகளில் இறக்க வேண்டும். ஆபரேஷன் அறை திறப்பதற்கு முன்பு துணி போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. தவறினால் மன்னிப்பு உண்டென்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வண்டியையும் அந்த ஒப்பந்தத்தையும் விட்டால் அந்த வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது.

வண்டி அவனுடையது. ஓட்டுகிறவள் அவன் மனைவி.

அவன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே லாரி ஓட்டியவன். சொந்த வண்டி வாங்கி மூச்சு விடுகிற நேரத்தில், டீசல் போட வரிசையில் நின்றபோது கைகால் இழுத்துக்கொண்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். பக்கத்தில் நின்றவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்துத் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். வலிப்பு என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். எழுதிக்கொண்டே, "இனிமே வண்டியைத் தொடக்கூடாது" என்றும் சொல்லிவிட்டார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்ட அவன், அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளப் பல நாள் ஆயிற்று.

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். காலி மைதானத்தில், தொண்டை கிழியக் கத்தி. அவள் சீக்கிரமே பழகிவிட்டாள். லைசென்ஸ் கையில் கிடைத்த அன்று அவன் சிரித்துக்கொண்டே, "இவ்வளவு சுளுவா வந்துடுச்சே உனக்கு! அப்ப நான் இத்தனை வருஷம் என்னத்தைக் கிழிச்சேன்?" என்றான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அவன் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது தெரிந்தது.

ஸ்டியரிங் போனது, கிளட்ச் போனது, ரோட்டில் எதிரே வருகிற டிரைவர்கள் கையைத் தூக்குகிற மரியாதை போனது. அவன் கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, ஆயில். எந்த ஆயில், எப்போது மாற்றுவது, எவ்வளவு என்பதெல்லாம் அவன் சொல்வதுதான். தினமும் விடியற்காலை அவள் கிளம்புவதற்கு முன்னால் பானெட்டைத் தூக்குவான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவுவான். ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட விரிப்புகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருந்தான். அதில் ஒரு துண்டில் கம்பியைத் துடைப்பான். துடைத்த துணியை வாசல் பல்பின் கீழ் விரித்துப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் மார்க் போட்ட பேப்பரைப் பார்ப்பதுபோல அவள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"இது என்ன?"

"ஆயில்."

"ஆயில்னு எனக்குத் தெரியாதா? தார் மாதிரி இருக்கு பாரு. மாத்துன ஈரம்கூடக் காயலை, அதுக்குள்ள இப்படி."

"டீசல் வண்டி அப்படித்தாங்க இருக்கும்."

"எவன் சொன்னான்? மேட்டுல மூணாவது கியர்ல போகவேண்டிய இடத்துல நாலாவதுல முக்கிக்கிட்டுப் போற. இன்ஜின் அழுவுது. அந்த அழுகைதான் இது. நீயே பாரு."

துணியை அவள் மூக்கு வரைக்கும் கொண்டுவருவான். அவள் பார்ப்பாள். அவன் ஓட்டிய நாளிலும் ஆயில் இதே கருப்பாகத்தான் இருந்தது. அப்போது அவன் அதற்கு வைத்திருந்த பெயர் 'உழைச்ச ஆயில்'. கருப்பு அதே கருப்புதான். கை மாறியதும் உழைப்பு அழுக்காகிவிட்டது. இதை அவள் சொல்லவில்லை. துணி ஏற்ற நேரமாகிறது என்று மட்டும் சொன்னாள்.

ஒரு விடுமுறை நாளில் இரண்டு பேருமாக மெக்கானிக்கிடம் போனார்கள். மெக்கானிக்குக்கு அந்த வட்டாரத்தில் சைலன்சர் என்று பெயர். மெதுவாகப் பேசவே வராது; வாயைத் திறந்தால் நாலு கடை தள்ளிக் கேட்கும். அதனால் யாரோ கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

"கருக்குதுன்னா சந்தோஷப்படுண்ணே!" என்று அவர் வண்டிக்கு அடியிலிருந்தே கத்தினார். "டீசல் எரிஞ்சா கரி வரும். அந்தக் கரியை உள்ள படிய விடாம ஆயில் தன்மேல தூக்கி வெச்சுக்குது. மாத்தும்போது ஆயிலோட கரியும் வெளிய போயிடும். பாத்திரம் கழுவுன தண்ணி பளபளன்னு இருந்தா என்ன அர்த்தம்? பாத்திரம் கழுவலைன்னு அர்த்தம்!"

"எனக்கே பாடமா? நீ ஸ்பானர் பிடிக்கிறதுக்கு முன்னாடி நான் ஸ்டியரிங் பிடிச்சவன்டா."

"இப்ப பிடிக்கலையேண்ணே!"

விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்னது நாலு கடை தள்ளியும் கேட்டது. வெற்றிலை பாக்குக் கடையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். சைலன்சர் அடியிலிருந்து வெளியே வந்து, "சும்மா சொன்னேண்ணே, அட" என்று கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டான். இடது பக்கத்துக் கதவு இல்லை, டிரைவர் பக்கத்துக் கதவு. பிறகு இறங்கிச் சுற்றிவந்து அந்தப் பக்கம் ஏற வேண்டியிருந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அன்றோடு சைலன்சர் பட்டறை முடிந்தது. "ஆயிலை இனிமே சகலை கடையில வாங்கி நானே மாத்திக்கிறேன்" என்றான்.

சகலை என்றால் அவளுடைய அக்காளின் புருஷன். உதிரிபாகக் கடை வைத்திருந்தார். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடை முழுக்க உருண்டு வியாபாரம் செய்வார்; அவர் எழுந்து நின்று பார்த்தவர்கள் குறைவு. கண்ணாடி அலமாரியில் பல்புகள், வைப்பர் ரப்பர்கள், பெல்ட்டுகள். பின்சுவர் முழுக்க ஆயில் டப்பாக்கள், சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அடுக்கியிருக்கும்.

"வாங்க சகலை, வாங்க! கொழுந்தியா ஓட்ட, நீங்க பக்கத்துல மகாராஜா கணக்கா வர்றீங்க. எங்களுக்கெல்லாம் அந்தக் குடுப்பினை இல்லையே. எங்க வீட்டம்மாவுக்கு சைக்கிளே தகராறு."

அவன் சிரிக்கவில்லை. நேராக டப்பாக்களைப் பார்த்தான். அவள் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள்.

"ஆயில் நம்பர் பதினஞ்சு நாப்பதுன்னு போட்டிருக்கு அத்தான். டீசலுக்குன்னே உள்ளதுதான் ஊத்தணுமாம். அடியில கோடுகூடப் போட்டிருக்காங்க."

"புத்தகம் எழுதுனவன் மேட்டுல லோடு ஏத்துனானா?" என்றான் அவன்.

சகலை புத்தகத்தைத் தொடவில்லை. நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "அது கெடக்கட்டும். உங்களுக்கு என்ன வேணும் சகலை? அதைச் சொல்லுங்க."

"கருக்காத ஆயில்."

சகலை அவனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. பதில் வரக் காத்திருந்த கேள்வி இல்லை. காலால் ஒரு உந்து உந்திக் கடைசி அடுக்குக்கு உருண்டுபோய், தூசி படிந்த நீல டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இதைப் போட்டுப் பாருங்க. தேன் மாதிரி இருக்கும். அவ்வளவு சீக்கிரம் நிறம் மாறாது."

"டீசல் வண்டிக்கு உள்ளதுதானே?" என்று அவள் கேட்டாள்.

"இன்ஜின்னா எல்லாம் இன்ஜின்தானே கொழுந்தியா. வண்டிக்காரர் அவரு, அவருக்குத் தெரியாததா?"

அவன் மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் எடுத்தான். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தான். மோந்தான். வெளிச்சத்துக்கு நேரே விரலைத் தூக்கிப் பிடித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவள் பார்க்காத ஒரு தெளிவு அவன் முகத்தில் வந்தது. முதுகு நிமிர்ந்தது. "இதுதான். ரெண்டு குடுங்க" என்று சொன்ன குரல் பழைய லாரிக்காரனின் குரல்.

அந்தக் குரலுக்கு எதிரே புத்தகத்தைத் திரும்ப விரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு காலை நேரம் மாறிப்போனது. துணியில் விழுந்தது கருப்பு இல்லை, தேயிலைச் சாயம் மாதிரி ஒரு பழுப்பு. சில நாள் அதுகூட இல்லை. அவன் துணியை வாசலில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டாத குறை. பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம், "இப்பத்தான் இவளுக்குக் கை பழகியிருக்கு. வண்டியை வண்டியா ஓட்டுறா" என்று சொல்வது அவள் காதில் விழுந்தது. இன்ஜின் சத்தமும் அடங்கியிருந்தது. அவள் எழுந்து வரும்போது டீ போட்டு டம்ளரின் மேல் தட்டு மூடி வைத்திருந்தான். அவள் குடித்து முடிக்கும்வரை முன்கண்ணாடியைத் துடைத்தான். ராத்திரி எந்த ரோட்டில் எந்த வளைவு எப்படி என்று கேட்டான். அவள் சொன்னதை மறுக்காமல் கேட்டுக்கொண்டான். கல்யாணமான புதிதில்கூட இத்தனை பேச்சு இருந்ததில்லை.

அதனால்தான், பிரேக் தேய்ந்து வேறு வழியில்லாமல் அவள் தனியாகச் சைலன்சர் பட்டறைக்குப் போனபோது, அவர் கம்பியை உருவிப் பார்த்துக் கேட்ட கேள்வி அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"என்ன தங்கச்சி ஊத்தியிருக்கீங்க? இது காத்தடிக்கிற கம்ப்ரஸருக்கு ஊத்துற ஆயில்ல?"

"சுத்தமாத்தானே இருக்கு?"

"அதான் கேக்குறேன். இது சுத்தமா இருக்குன்னா அழுக்கெல்லாம் எங்க போச்சு? வீட்டைக் கூட்டுன குப்பை முறத்துல இல்லைன்னா கட்டிலுக்கு அடியில இருக்குன்னு அர்த்தம்! உள்ள ஆயில் தேங்குற சேம்பர்ல பசை மாதிரி படிஞ்சுக்கிட்டு இருக்கும். உடனே மாத்திடு. அண்ணன்கிட்ட நான் வேணா வந்து சொல்றேன்."

"நீங்க வரவேண்டாம்" என்றாள் அவசரமாக. "நானே சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குள் நுழைந்தால் அவன் அவளுடைய செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் சொல்லலாம் என்றால் அன்று மாத்திரை மயக்கம். சரியான ஆயிலை ஊற்றினால் மறுவாரமே துணி கருக்கும். துணி கருத்தால் இந்த டீயும் பேச்சும் மறுபடி அழுகையும் கியரும் ஆகும். இன்ஜின் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த நல்லதை விட்டுவிட்டுத் தெரியாத கெட்டதை நினைத்துப் பயப்பட அவளால் முடியவில்லை. அடுத்த முறை மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அந்த நேரத்தில் அக்காளைப் பார்க்கப் போனாள். வீடு கடைக்குப் பின்னாலேயே. முற்றத்தில் சகலையின் சொந்தப் பிக்கப், அதே மாடல், நின்றது. கடையாள் அடியில் தட்டை வைத்து ஆயிலை இறக்கிக்கொண்டிருந்தான். மை மாதிரி கருப்பாக இறங்கியது. சகலை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புது டப்பா, புத்தகத்தில் போட்டிருந்த அதே எண்.

"அத்தான், உங்க வண்டியில மட்டும் ஏன் கருக்குது?"

"டீசல் வண்டின்னா கருக்காம? நல்லா கேட்டே போ."

"அப்ப எங்களுக்கு ஏன் அதைக் குடுத்தீங்க?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. "சகலை என்ன கேட்டாரு? கருக்காத ஆயில் கேட்டாரு. கேட்டதைக் குடுத்தேன். இல்லைன்னு சொன்னா, 'இவன் யாரு எனக்குச் சொல்ல'ன்னு வேற கடைக்குப் போவாரு. சைலன்சர் சொன்னான், அவனை ஒதுக்கிட்டாரா இல்லையா? உறவும் வேணும், கடையும் நடக்கணும். நீதான் பக்கத்துல நின்னியே, புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு. நீ ஏன் அதுக்கு மேல வாயைத் திறக்கலை?"

அக்காள் உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்தாள். "இந்தா, உங்க வீட்டுச் சண்டைக்கு என் வீட்டுக் கடையை இழுக்காத. புருஷனுக்கு எடுத்துச் சொல்ல உனக்குத் தைரியம் இல்லை, இங்க வந்து குதிக்கிற."

அதே எண் போட்ட புது டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டாள். வண்டியில் சீட்டுக்கு அடியில், கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். வாரக் கடைசியில் சைலன்சரிடம் போய் மாற்றிவிடுவது, வந்ததும் வராததுமாக அவனிடம் சொல்லிவிடுவது, கருத்தால் கருக்கட்டும். இந்தத் தடவை முடிவு கட்டிவிட்டாள்.

வாரக் கடைசி வரும் முன்னால் விளக்கு வந்துவிட்டது.

ஆபரேஷன் துணி முழு லோடு. ஊருக்கு வெளியே நீண்ட மேடு. பாதி ஏறுகையில் மீட்டர் பலகையில் எண்ணெய்க் கிண்ணப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்து, பிறகு அணையாமல் நின்றது. அவள் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினாள். கம்பியை உருவினாள். ஆயில் மேல் கோடு வரைக்கும் இருந்தது. சுத்தமாகவும் இருந்தது. அவனுக்குப் போன் செய்தாள்.

"ஆயில் லைட் எரியுதுங்க."

"கம்பியைப் பார்த்தியா?"

"பார்த்தேன். நிறைய இருக்கு."

"நிறம்?"

"தேன் மாதிரிதான் இருக்கு."

"அப்புறம் என்ன? ஒயர் எங்கயாவது உரசியிருக்கும். காலையில நான் பார்த்துத்தானே அனுப்புனேன். ஓட்டு."

"இந்த லைட் எரிஞ்சா ஓட்டவே கூடாதுன்னு போட்டிருக்குங்க. சைலன்சரைக் கூப்பிடட்டுமா? வேற வண்டிக்குச் சொல்லித் துணியை மாத்தி ஏத்திடலாம்."

"அவனைக் கூப்பிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றான். கோபமாக இல்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் மறுத்திருப்பாள். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சொல்றதை நம்பி ஓட்டேன்."

அவள் இன்ஜினைக் கிளப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தாள். மேடு முடிகிற இடத்தில் தகரத்தைச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. சத்தம் வேகமாகி, ஒரு பெரிய அடியோடு எல்லாம் நின்றது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் அசையவில்லை. உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது.

சலவைக் கூடத்து மேற்பார்வைக்காரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். "வண்டிக்கு என்னன்னு நான் கேக்கலை. துணி எங்க?" என்று அந்த அம்மா கேட்டாள். வாடகை வண்டி பிடித்து மூட்டைகளை மாற்றி ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது வெயில் ஏறிவிட்டது. ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்திருந்த ஒருவரைத் திரும்ப வார்டுக்கே அனுப்பிவிட்டார்களாம். அன்று மாலைக்குள் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போயிற்று. அந்த அம்மா திட்டக்கூட இல்லை. சாவிக் கொத்தில் ஆஸ்பத்திரி கேட் சாவியை மட்டும் கழற்றிக் கேட்டாள்.

வண்டியை இழுத்துக்கொண்டு போனது சைலன்சர் பட்டறைக்குத்தான். வேறு யாரும் அந்த நிலையில் தொட மாட்டார்கள். அவனும் வந்தான். சேம்பரைக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். அடியில் கெட்டியாக, பூட்ஸுக்குப் போடுகிற பாலிஷ் மாதிரி, கை அழுந்துகிற அளவுக்கு ஒரு கருப்புப் படிவம். ஆயிலை உறிஞ்சுகிற குழாயின் வாயில் இருக்கிற சல்லடையில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. ஆயில் நிறைய இருந்தும் மேலே ஏறவில்லை. பேரிங்குகள் உருகி கிராங்கோடு ஒட்டியிருந்தன.

அவன் குனிந்து விரலால் அந்தப் பசையை எடுத்தான். "இது எங்கிருந்து வந்துச்சு? துணியில ஒண்ணுமே வரலையே."

"துணிக்கு வரலைண்ணே," என்றார் சைலன்சர். மெதுவாகச் சொன்னார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வண்டியிலிருந்த சாமான்களை இறக்கச் சொன்னார்கள். கயிறு, ஜாக்கி, தார்ப்பாய். அவன்தான் சீட்டைத் தூக்கினான். டப்பாவை வெளியே எடுத்தான். எண்ணைப் படித்தான். மூடியைத் திருகிப் பார்த்தான், முத்திரை உடையவில்லை.

"நீ இதை ஊத்தலை."

"இல்லை."

"எப்ப வாங்குனே?"

"நாலஞ்சு நாள் முன்னாடி."

"எங்க?"

"அத்தான் கடையில."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். "ஊத்தியிருந்தாக்கூட, பொண்டாட்டி திருட்டுத்தனம் பண்ணிட்டான்னு ரெண்டு அடி அடிச்சுட்டுப் போயிருப்பேன். வாங்கி வெச்சிருக்கே. அப்ப உனக்குத் தெரியும். உங்க அத்தானுக்குத் தெரியும். இவனுக்குத் தெரியும். உங்க அக்காளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். ஊருக்கே தெரிஞ்சு, நான் ஒருத்தன் தினமும் விடியக்காலையில துணியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கூத்து காட்டியிருக்கேன். நீயும் பக்கத்துல நின்னு டீ குடிச்சுக்கிட்டே பார்த்திருக்கே."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றான். "கத்தியிருப்பேன். டப்பாவைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். ஆனா நீ சொல்லியிருக்கணும்."

சைலன்சர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு, துடைக்க எதுவும் இல்லாத ஸ்பானரைத் துடைத்தார்.

உறவுக்காரர்கள் விசாரிக்க வந்தபோது அவன் சொன்ன கதை வேறு. "சிவப்பு லைட்டு எரிய எரிய ஓட்டியிருக்கா. எந்த இன்ஜின் தாங்கும்?" என்றான். அதில் பொய் என்று எந்த வார்த்தையைக் காட்ட முடியும்? அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அக்காள் பின்னாலேயே வந்து, "என்னடி நீ, இவ்வளவு ஓட்டத் தெரிஞ்சவ, லைட்டைப் பார்க்க வேண்டாமா?" என்றாள்.

செத்த இன்ஜினோடு நின்ற வண்டியை எடுத்துக்கொள்ள வந்தவர் சகலைதான். "வெளியாள் எவனாவது அடிமாட்டு விலைக்குக் கேப்பான் சகலை. அதுக்கு நான் எடுத்துக்கிறேன். நம்ம கைக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று எல்லோரும் சொன்னார்கள். விபத்தில் மாட்டிய வேறொரு வண்டியிலிருந்து இன்ஜினைக் கழற்றிக்கொண்டுவந்து வைத்தார். கூண்டை அப்படியே விட்டு, கதவில் தன் கடைப் பெயரை எழுதவைத்தார். எழுதிய பெயின்ட் காய்ந்ததும் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எனக்கு ஒரு டிரைவர் வேணும். கொழுந்தியா இருக்கும்போது வெளிய எதுக்குத் தேடணும்? அந்த வண்டி உன் கைக்குப் பழகுனது."

அவள் வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "போ. வேற என்ன இருக்கு?" என்றான்.

வண்டி ராத்திரி சகலையின் முற்றத்தில்தான் நிற்கும். அவள் விடியற்காலை நடந்துபோய் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் அவள் முகம் கழுவி வந்தபோது அவன் எழுந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். அந்த நேரத்துக்கு விழிப்பு தட்டிவிடுகிறது; விழித்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை. வண்டி முன்பு நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிய கறை மட்டும் கிடந்தது. அவன் அதை மிதிக்காமல் தள்ளி நின்றான். அவள் தானே டீ போட்டு நின்றபடியே குடித்தாள். சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"இந்தா," என்றான்.

நின்றாள்.

"புது இன்ஜின்ல என்ன ஆயில் ஊத்தியிருக்கான்?"

அவளுக்குத் தெரியும். ஊற்றும்போது முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். எண் தெரியும், டப்பாவின் நிறம் தெரியும், இத்தனை ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கடையாளிடம் சொன்னதும் அவள்தான். அவன் கேட்டுவிட்டுப் பதிலுக்காகத் தலையைச் சற்றுச் சாய்த்து நின்றான்.

"தெரியலீங்க" என்றாள். "ஓனரைத்தான் கேக்கணும்."

அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. "ம்... கேட்டுட்டு வா" என்றான்.

அவள் வேகமாக நடந்தாள். சாயந்தரம் திரும்பி வந்தபோது அவன் அதைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் காலையில் எழுந்து வருவதையும் நிறுத்திவிட்டான். அவள் கிளம்பும்போது போர்வைக்குள் விழித்துக்கொண்டு படுத்திருப்பது அவளுக்குத் தெரியும். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவாள்.